கொழும்பு–கண்டி ஏ 1 வீதி எந்த வழியாகச் செல்கிறது, அதன் வரலாறு என்ன, முதல் தடவை கார் ஓட்டிப் போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் வாடகைக் காரில் குடும்பத்தோடு போகப் போவதாகவும், குருநாகல் பக்கம் சுற்றிப் போவதா கடுகண்ணாவை ஏறிப் போவதா என்று குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறார். மழை இல்லை, பகல் நேரம் என்றால் கடுகண்ணாவை வழியாகவே போங்கள். அந்த ஏற்றத்தைப் பார்க்காமல் கண்டிக்குப் போவது இந்த வீதியையே பார்க்காமல் போவது மாதிரி. மழை பிடித்துவிட்டால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீதியின் மொத்த நீளம் சுமார் 116 கிலோமீட்டர். கொழும்பு கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் ஆளுநர் எட்வர்ட் பான்ஸின் சிலை இருக்கிறது. கொழும்பிலிருந்து தூரம் அளப்பது அந்த இடத்திலிருந்துதான். இந்த வீதியை வெட்டுவித்தவரும் அவரே என்பதால் அது பொருத்தமான இடம்தான். களனி ஆற்றைக் கடந்தால் பேலியகொட, பிறகு கிரிபத்கொட, கடவத்த, யக்கல, நிட்டம்புவ, பஸ்யால, வரக்காப்பொல, அம்பேபுஸ்ஸ, கலிகமுவ, கேகாலை, மாவனெல்லை, கணேதென்ன, கடுகண்ணாவை, பிலிமத்தலாவ, பேராதனை, கண்டி. கேகாலை ஏறக்குறைய 78ஆவது கிலோமீட்டரில் வரும். கடுகண்ணாவை நகரம் 100ஐ ஒட்டி இருக்கிறது.

கடவத்த தாண்டும் வரை இது வீதி என்பதைவிட ஒரு நீண்ட கடைத்தெரு. காலை ஏழு முதல் ஒன்பது வரை கொழும்புக்கு உள்ளே வரும் பக்கமும், மாலை நாலரைக்குப் பிறகு வெளியே போகும் பக்கமும் ஊர்ந்துதான் நகரும். அதிகாலை ஐந்தரைக்குள் களனிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் கண்டிக்கு மூன்று மணித்தியாலம் போதும். எட்டு மணிக்குக் கிளம்பினால் நாலு மணித்தியாலத்துக்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நடுப்பகுதியில் ஊருக்கு ஒரு பொருள் என்று வீதியோரம் விற்பனை நடக்கும். யக்கல பக்கம் அன்னாசி, பஸ்யாலவை ஒட்டிய கஜுகமவில் கஜு, வரக்காப்பொலவுக்கு முன் ரதாவடுன்னையில் பிரம்புக் கதிரைகள், வரக்காப்பொலவில் எள்ளுருண்டை, கேகாலை தாண்டி மொலகொடவில் மண்பானை, பிலிமத்தலாவவில் பித்தளை விளக்குகள். இந்த இடங்களிலெல்லாம் முன்னால் போகிற வாகனம் சிக்னல் போடாமல் திடீரென்று இடப்பக்கம் ஒதுங்கும். பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். நிறுத்துவதானால் வீதியின் வெள்ளைக் கோட்டுக்கு முழுவதும் வெளியே நிறுத்துங்கள். பின் சக்கரம் வீதியில் நிற்கிற வாகனத்தில் முதலாம் இலக்க பஸ் வந்து உரசுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். கொழும்பு–கண்டி பஸ்ஸின் இலக்கம்தான் 1.

இனி வரலாறு. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை மலைநாட்டுக்குள் வண்டிப் பாதையே கிடையாது. கண்டி மன்னர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கவில்லை. ஒற்றையடிப் பாதை, கடவத்த எனப்படும் முள்வேலித் தடை, அடர்ந்த காடு, அட்டை, காய்ச்சல். கோட்டைச் சுவரை விட இவைதான் காவல். கடுகண்ணாவைக்குப் பக்கத்தில் உள்ள பலன கணவாய் வழியாக நுழைந்த போர்த்துக்கேயப் படை 1594இல் தந்துறையில் அழிந்துபோனது. 1803இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தும் வைத்திருக்க முடியாமல் போனதற்கு ஒரு பெரிய காரணம், கொழும்பிலிருந்து ஆளும் உணவும் மருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேர வழியில்லாததுதான். 1817–18இல் ஊவாவில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கிய பிறகு, கண்டியைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் பீரங்கி வண்டி போகிற வீதி வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

1820இல் பதில் ஆளுநராக இருந்தபோதே பான்ஸ் வேலையைத் தொடங்கினார். 1824 முதல் 1831 வரை ஆளுநராகவும் இருந்தார். வழியை வரைந்து வேலையை நடத்தியவர் பொறியியலாளர் கப்டன் டோசன். வேலை செய்தவர்கள் யார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்கக் கூடாது. மன்னர் காலத்து ராஜகாரிய முறையை, அதாவது நிலம் அனுபவிப்பதற்குப் பதிலாகச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பை, ஆங்கிலேயர் அப்படியே எடுத்துக் கண்டிக் கிராமத்தவர்களைப் பாறை உடைக்கவும் மண் சுமக்கவும் நிறுத்தினார்கள். தங்கள் இராச்சியத்தைக் காத்த காட்டைத் தாங்களே வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1830களின் தொடக்கத்தில்தான் ராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. அதற்குள் வீதி முடிந்துவிட்டது. டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது. கல் உடைத்தவர்கள் பெயரில் இந்த வீதியில் ஒரு பலகைகூட இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற விஷயம்.

டோசன் 1829 மார்ச் 28இல் கொழும்பில் இறந்தார். அவருடைய நண்பர்கள் பணம் சேர்த்துக் கட்டிய நினைவுக் கோபுரம் கடுகண்ணாவை ஏற்றத்தின் உச்சியில் நிற்கிறது. ஆண்டு 1832, உயரம் 125 அடி. அதற்குக் கொஞ்சம் கீழே துளைத்த பாறை இருக்கிறது. மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி அடிபணியும் என்று ஒரு நம்பிக்கை மக்களிடம் இருந்ததாகவும், அதனால்தான் சுற்றிப் போக இடமிருந்தும் பாறையைக் குடைந்தார்கள் என்றும் சொல்வார்கள். இப்போது பிரதான வீதி அந்தத் துளைக்கு வெளியே அகலமாகப் போகிறது. ஆனாலும் துளை அப்படியே இருக்கிறது. உள்ளே நின்று பார்த்தால் கரடுமுரடான சுவரும், ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய அகலமும் அந்தக் காலத்துப் போக்குவரத்து எவ்வளவு என்பதைக் காட்டிவிடும்.

பாலங்களின் கதையும் பெரியது. களனியில் 1822இல் படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம் வந்தது. 1895இல் அதன் இடத்தை விக்டோரியா இரும்புப் பாலம் பிடித்தது. பிறகு 1959இல் ஒரு பாலம், 2021 நவம்பரில் கம்பிகளால் தாங்கப்படும் புதிய பாலம். மாவனெல்லையில் மகா ஓயாவுக்கு மேல் 1830களில் கட்டிய வளைவுப் பாலத்தில்தான் இன்றும் வாகனங்கள் போகின்றன. எல்லாவற்றிலும் அதிசயமானது பேராதனையில் மகாவலியைக் கடந்த பாலம். 1833இல் திறந்த அது முழுக்க முழுக்க முதிரை மரம். 205 அடி அகலத்தை ஆற்றுக்குள் தூணே இல்லாமல் ஒரே வளைவில் தாண்டியது. ஆணியோ போல்ட்டோ அடிக்காமல் மரத்தை மரத்தோடு பொருத்தியே கட்டியிருந்தார்கள். 1905இல் கழற்றும் வரை எழுபது வருடங்களுக்கு மேல் நின்றது. இப்போது நீங்கள் கடக்கும் பாலம் அதற்குப் பிறகு வந்தது.

1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. வீதி வந்த கையோடு கோப்பித் தோட்டங்கள் பெருகின, கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் இறங்கின. அந்தத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். அவர்கள் பறித்த கோப்பி மட்டும் இந்த வீதியால் துறைமுகத்துக்குப் போனது. 1867இல் கண்டிக்கு ரயில் வந்ததும் வண்டிக்காரர்களின் காலம் முடிந்தது. கேகாலைக்கும் மாவனெல்லைக்கும் இடையே தெரியும் உதுவன்கந்த மலையில் பதுங்கி வழிப்பறி செய்த சரதியல் அந்தக் காலத்தின் ஆள். 1864 மார்ச் 21இல் அவனைப் பிடிக்கப் போனபோது கான்ஸ்டபிள் துவான் சபான் கொல்லப்பட்டார். கடமையில் உயிர் விட்ட பொலிஸாரை இலங்கை இன்றும் அந்தத் தேதியில்தான் நினைவுகூர்கிறது. சரதியலை அதே ஆண்டு மே 7இல் கண்டியில் தூக்கிலிட்டார்கள்.

இப்போது ஏற்றம். கணேதென்னயிலிருந்து வளைவுகள் தொடங்கும். காரில் ஏறுவது கஷ்டமே இல்லை. சிக்கல் முன்னால் போகும் லொறி. மணிக்கு பதினைந்து, இருபது கிலோமீட்டரில் ஊர்ந்து போகும் லொறிக்குப் பின்னால் பொறுமையாகப் போங்கள். வளைவில் முந்தவே கூடாது. மேலிருந்து வரும் பஸ் தன் பக்கத்தில்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஆட்டோ கியர் காரை டீ (D) நிலையிலேயே விட்டால் சில வண்டிகள் கியரை மாற்றி மாற்றித் திணறும், ஒரு படி கீழே வைத்தால் சீராக ஏறும். பழைய வான் என்றால் வெப்பமானி முள்ளில் ஒரு கண் வையுங்கள். முள் மேலே போகத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, அகலமான இடத்தில் ஒதுக்கி, எஞ்சினை ஓடவிட்டே ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.

உண்மையான ஆபத்து திரும்பி வரும்போது, இறக்கத்தில். கண்டியில் இரண்டு நாள் சுற்றிய களைப்பு, வீட்டுக்குப் போகிற அவசரம், கால் பிரேக்கிலேயே இருக்கும். விடாமல் மிதித்தால் பட்டைகள் காய்ந்து பிடிப்பு குறையும், எரிந்த வாடை வரும். அதற்கும் மேல் போனால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குழாய்க்குள் ஆவி சேரும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும், வண்டி நிற்காது. பழைய பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். வாடகைக் காரை எடுக்கும்போதே அதைக் கேளுங்கள்.

ஆகவே டோசன் கோபுரத்தைத் தாண்டியதுமே, வேகம் எடுக்கும் முன்பே, கியரைக் குறையுங்கள். கையால் மாற்றும் கியர் என்றால் இரண்டு அல்லது மூன்று. ஆட்டோ என்றால் எல், 2, எஸ் என்று உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அது. அக்வா, அக்ஸியோ, பிரியஸ் ஹைபிரிட் என்றால் பி (B). ஹைபிரிட் காரில் டீயிலேயே இறங்கினால் முதலில் பேட்டரி சார்ஜ் ஆவதால் வண்டி தானாக மட்டுப்படும். பேட்டரி நிறைந்ததும் அந்தப் பிடி குறைந்து, சுமை முழுவதும் சாதாரண பிரேக்குக்கு வந்துவிடும். பி நிலையில் எஞ்சினும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். நியூட்ரலில் உருட்டுவதோ எஞ்சினை நிறுத்துவதோ கூடவே கூடாது. நியூட்ரலில் எஞ்சினின் பிடி போய்விடும், எஞ்சினை நிறுத்தினால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி இருபது நிமிடம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது நெளிந்துவிடும்.

கண்டிக்குப் போகும்போது ஏற்றம் முடிந்து மேலே போனதும் அவசரப்படாதீர்கள். கடுகண்ணாவையில் ரயில் அருங்காட்சியகமும், கிரிபத்கும்புரவில் பழைய நீராவி ரோலர்கள் வைத்திருக்கும் நெடுஞ்சாலை அருங்காட்சியகமும் இருக்கின்றன. பேராதனையில் வலப்பக்கம் பிரியும் ஏ 5 கம்பளை, நுவரெலியா, பதுளை வழியாகச் செங்கலடி வரை போகிறது. நுவரெலியாதான் போக வேண்டும் என்றால் கண்டி நகருக்குள் நுழையவே தேவையில்லை. கெட்டம்பேயிலிருந்து நகரம் வரை கடைசி சில கிலோமீட்டர் எப்போதும் நெரிசல். எசல பெரஹரா நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களிலும், நீண்ட விடுமுறையோடு சேரும் போயாவிலும் (பௌர்ணமி விடுமுறை) அந்தத் துண்டுக்கு மட்டுமே ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

மழை பற்றி. கடுகண்ணாவைச் சரிவு மண்சரிவுப் பகுதி. வீதிக்காக மலையின் அடியை வெட்டியிருக்கிறார்கள், மேலே வீடுகள், மழைநீர் போக வழி குறைவு. மண் ஊறிக் கனத்ததும் பாறையோடு சேர்ந்து இறங்கும். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் அப்படிச் சரிந்து உயிர்கள் போயின, வீதியும் மூடப்பட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். மாவனெல்லைக்கோ யட்டிநுவரவுக்கோ செம்மஞ்சள் இருந்தாலே இந்தப் பக்கம் வேண்டாம். ஏறிக்கொண்டிருக்கும்போது சரிவிலிருந்து கலங்கல் நீர் புதிதாக வடிந்தாலோ சிறு கற்கள் உருண்டாலோ நிறுத்திப் படம் எடுக்காமல் அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

மாற்று வழி என்றால் அம்பேபுஸ்ஸவில் இடப்பக்கம் பிரியும் ஏ 6இல் குருநாகல் போய், அங்கிருந்து ஏ 10இல் கலகெதர, கட்டுகஸ்தோட்டை வழியாகக் கண்டிக்குள் நுழையலாம். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான அதிவேகப் பாதை 2022 ஜனவரியில் திறந்ததால் அந்தத் துண்டு இப்போது சுகமாகப் போகிறது. கலகெதரயிலும் ஏற்றமும் வளைவுகளும் உண்டு, கியர் விஷயத்தில் மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும். மாவனெல்லை வரை வந்த பிறகுதான் வீதி மூடியது தெரிந்தால், ஹெம்மாத்தகம வழியாகக் கம்பளைக்கு ஒரு பாதை இருக்கிறது. அது ஒடுக்கமானது, அதே மலையில்தான் போகிறது. கொட்டும் மழையில் அதை எடுக்காமல் கேகாலைக்குத் திரும்பி, ரம்புக்கன வீதியின் நிலையைப் பொலிஸில் கேட்டுக்கொண்டு, குருநாகல் பக்கமே போங்கள்.