மடக்குக் கத்தியின் லைனரும் லாக்கும் டைட்டானியமா, எஃகா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

'டைட்டானியம்' என்று சொல்லி விற்ற மடக்குக் கத்தியை வாங்கிவிட்டு, கைப்பிடிக்குள் இருக்கும் உள்தகடும் (லைனர்), விரித்த பிளேடு மடங்காமல் தடுக்கும் லாக்கும் நிஜமாகவே அதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே கதை நடந்தது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். "டைட்டானியம் சார், கண்ண மூடிட்டு எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு இது தேவையா?

முதல் சோதனை காந்தம். ஆனால் முழுக் கத்திமேல் வைத்துப் பார்க்காதீர்கள். பிளேடும் ஸ்குருவும் எஃகு, காந்தம் எதைப் பிடிக்கிறது என்றே தெரியாது. டி6, டி8 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட் உள்ள செட் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். கழற்றி லைனரைத் தனியாக எடுங்கள். ஸ்குரு முரண்டு பிடித்தால் உள்ளே பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் அயர்ன் நுனியைக் கொஞ்ச நேரம் ஸ்குரு தலையில் வைத்தால் இளகிவிடும்.

என் லைனர் காந்தத்தில் டக்கென்று ஒட்டியது. டைட்டானியம் ஒட்டவே ஒட்டாது. ஆக, ஏமாந்தது உறுதி.

"மட்ட எவர்சில்வர்ணே" என்றான் பட்டறைப் பையன். அங்கேதான் தப்பு. பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டாததைத்தான் நல்ல சரக்கு என்பார்கள், 304 என்ற எவர்சில்வர் வகை மாதிரி. கத்தியில் இந்தக் கணக்கு தலைகீழ். 304-ஐப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் கடினமாகாது. 410, 420 வகைகள் கடினமாகும், காந்தத்திலும் ஒட்டும். லைனர் லாக்கில் அந்தத் தகடுதான் ஸ்பிரிங் மாதிரி வளைந்து வந்து பிளேடின் அடிக்கு முட்டுக் கொடுக்கிறது. டெம்பர் ஏறிய, அதாவது காய்ச்சிக் கடினமாக்கிய தகடு வேண்டும். அதனால் ஒட்டுகிறதே என்று கத்தியைத் தூக்கி எறியாதீர்கள்.

ஒட்டவில்லையா? அப்போது எடை. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் முதலில் லைனரை நிறுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, லைனரை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியில் தொடக்கூடாது, காற்றுக்குமிழி ஒட்டியிருக்கக்கூடாது. முதல் எண்ணை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. அலுமினியம் 2.7, டைட்டானியம் கலவை 4.4, எஃகு 7.7 முதல் 8 வரை, பித்தளை 8.5. என்னுடையது 15.4 கிராம், தண்ணீரில் 2.0. அதாவது 7.7. காந்தம் சொன்னதையே தராசும் சொன்னது.

நிறத்தை நம்ப வேண்டாம். டைட்டானியத்துக்கு மின்சாரம் கொடுத்து நீலம், ஊதா ஏற்றுவார்கள், உண்மைதான். ஆனால் புல்லட் சைலன்சர் பைப்பைப் பாருங்கள், சூடுபட்ட எஃகும் அதே நீலம்தான். பிளேடில் 'டைட்டானியம்' என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் மேலே பூசிய மெல்லிய பூச்சைத்தான் சொல்கிறார்கள்.

லாக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். நல்ல டைட்டானியம் பிரேம் லாக்கிலும் (கைப்பிடித் தகடே முட்டுக் கொடுக்கும் வகை) பிளேடைத் தொடும் நுனியில் குட்டி எஃகுத் துண்டு ஒன்றை ஸ்குரு போட்டு வைத்திருப்பார்கள். டைட்டானியம் எஃகோடு உரசினால் பிடித்துக்கொள்ளும், தேயவும் செய்யும். நுனியில் மட்டும் காந்தம் ஒட்டினால் போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கிரைண்டரில் தொட்டால் டைட்டானியம் கண் கூசும் வெள்ளைப் பொறி விடும், எஃகு ஆரஞ்சு மஞ்சள். பார்க்க அழகு, ஆனால் வீட்டில் வேண்டாம். டைட்டானியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, காய்ந்த மணல்தான்.

பழைய பேனாக்கத்தி என்றால் இவ்வளவு பாடே இல்லை. அப்பாவின் கத்தியில் லைனர் பித்தளை, முதுகு ஸ்பிரிங் மட்டும் எஃகு. பித்தளை மிருது, ஆனால் இந்தக் கத்தியில் அதற்கு முட்டுக் கொடுக்கும் வேலை இல்லை, சுவர் மாதிரி சும்மா நிற்கும். கடற்காற்றில் ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அம்மா குத்துவிளக்குக்குக் கரைத்த புளியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்தேன், மஞ்சள் பளிச்சென்று வந்தது. ஸ்பிரிங்கில் புளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை, மறுநாளே கறுத்துவிட்டது.