அம்மான் மக ஊருக்கு வர்றா, அதுக்குள்ள என்ன புக் வாங்கலாம்?

கேள்வி: ஆச்சி, எனக்கு காரைக்குடி. தம்பி கோலாலம்பூர்ல இருக்கான், கட்டிக்கிட்டது மலேசியச் சீனப் பொண்ணு, அவங்களுக்கு 6 வயசுல ஒரு மக. என் மகளுக்கு 5. போன வாரம் வீடியோ கால்ல என் மக "அவ கண்ணு ஏன் சின்னதா இருக்கு"ன்னு கேட்டுட்டா, இங்க எல்லாரும் சிரிச்சிட்டோம், தம்பி பொண்டாட்டி முகமே மாறிடுச்சு. தை மாசம் அப்பச்சி சாந்திக்கு, அதான் எங்கப்பா அறுபதாங் கல்யாணத்துக்கு, வர்றாங்க. அதுக்குள்ள மத்த நாட்டு மனுசங்களப் பத்தின படப் புத்தகம் வாங்கிக் காட்டலாம்னு இருக்கேன். எத வாங்குறது, தமிழா இங்கிலீஷா? மாமியார் வேற "நம்ம வழக்கமே அதுக்குத் தெரியல, ஊரு உலகம் எதுக்கு"ங்கிறாங்க.

பதில்: தங்கச்சி, உங்க மக கேட்டதுல தப்பே இல்ல. அஞ்சு வயசுப் புள்ள கண்ணுல பட்டத கேக்கத்தான் செய்யும். பெரியவங்க சிரிச்சோம் பாருங்க, அங்கதான் தப்பு, ஏன்னா அந்தச் சிரிப்புலதான் "ஓ, இது கேலி பண்ற விஷயம் போல"ன்னு புள்ள கத்துக்குது. அதனால புக் வாங்குறதுக்கு முன்னாடி தம்பி பொண்டாட்டிக்கு ஒரு போனப் போட்டு, நாங்க சிரிச்சிருக்கக் கூடாதும்மான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மககிட்ட, உனக்கு உங்க ஆயா கண்ணு, அவளுக்கு அவங்கம்மா கண்ணு, ரெண்டுமே நல்லா பாக்குற கண்ணுன்னு சொன்னா போதும், அதட்ட வேணாம்.

இப்ப புத்தகம். கடையில கேட்டா மொதல்ல எடுத்து நீட்டுறது பக்கத்துக்கு ஒரு நாடுன்னு இருக்குமே அதுதான், ஜப்பான்னா கிமோனோ, ஹாலந்துன்னா மரச் செருப்பு, ஆப்பிரிக்கான்னா ஈட்டி புடிச்ச ஒருத்தர், 54 நாடு இருக்குற கண்டத்த ஒரே பக்கத்துல முடிச்சிருப்பாங்க. அது வேணாம்னுதான் நான் சொல்லுவேன். நம்மூரப் பத்தி வெளிநாட்டுல ஒரு புக் போட்டு, தமிழன்னா தெனம் பட்டு வேட்டி கட்டி யானை மேல போவான்னு வரைஞ்சிருந்தா நமக்கு எப்படி இருக்கும்? ஜப்பான்லயும் புள்ளைங்க யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு பை மாட்டிக்கிட்டு ஸ்கூலுக்குத்தான் போகுது.

கதையில வர்ற புள்ளைக்கு ஒரு பேரு இருக்கணும், அதுக்கு ஒரு ஆசையோ பயமோ அடமோ இருக்கணும். நாடு, உடுப்பு, சாப்பாடெல்லாம் கதை போற போக்குல தானா வரணும். இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் 1962ல அமெரிக்காவுல எஸ்ரா ஜாக் கீட்ஸ் போட்ட 'தி ஸ்னோயி டே'ங்கிற புக். பீட்டர்னு ஒரு கருப்பினப் பையன், செவப்பு கலர் பனி உடுப்பப் போட்டுக்கிட்டு நாள் பூரா பனில வெளையாடுறான், ஒரு பனி உருண்டைய சட்டைப் பைக்குள்ள வச்சிக்கிட்டு வீட்டுக்கு வர்றான், தூங்கப் போறப்ப கைய விட்டுப் பாத்தா பை காலி. கதைன்னு பாத்தா அவ்ளோதான். அந்தக் காலத்துல அங்க பெரிய பதிப்பகம் போடுற படப் புத்தகத்துல கருப்பினக் கொழந்த நாயகனா வர்றதே அபூர்வம், இதுக்கு 1963ல, அங்க படப் புத்தகத்துக்குன்னே குடுக்குற கால்டெகாட் மெடல் குடுத்தாங்க. பனியே பாக்காத நம்ம புள்ளைக்கும் அந்தக் காலிப் பை புரியும், ஏன்னா ஐஸ் கட்டிய பாவாடையில முடிஞ்சு வச்சு ஏமாறாத புள்ள எந்த ஊர்ல இருக்கு?

எனக்கும் பனி புக்குலதான் மொதல்ல வந்துச்சு. மாஸ்கோவுல அச்சடிச்ச ராதுகா புத்தகம், தமிழ்லயே இருக்கும், நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரங்க கண்காட்சி போட்டா அப்பச்சி கம்மி வெலையில ரெண்டு மூணு வாங்கிட்டு வருவாக. அதுல பனின்னு போட்டிருந்தத நான் மார்கழிப் பனின்னே நெனச்சிக்கிட்டேன், கோலம் போடுறப்ப கால் சில்லுன்னு ஆகுமே அதுதான்னு. ரஷ்யாவுலயும் கோலம் போடுவாகளான்னு அப்பத்தாகிட்ட கேட்டேன், அவுக சிரிக்கல, "தெரியலயேத்தா, படத்துல எங்கயாச்சும் இருக்கான்னு பாப்போம் வா"ன்னு பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பக்கமாத் தேடுனாக. உங்க மகளுக்கும் அப்படிப் பக்கத்துல உக்காந்து தேட ஒரு ஆள் வேணும், புக்க கையில குடுத்துட்டு நாம செல்ல நோண்டுனா ஒன்னும் ஏறாது.

மொழியப் பத்தி கேட்டீங்க, தமிழ்தான், யோசிக்கவே வேணாம், புள்ள எந்த மொழியில சண்டை போடுதோ அதுலதான் கதை உள்ள போகும். ஆனா உங்க வீட்டு விஷயத்துல இருமொழிப் புக்கும் ரெண்டு வாங்குங்க. சென்னையில தூலிகான்னு ஒரு பதிப்பகம் 1996லருந்து போடுறாங்க, ஒரே பக்கத்துல தமிழும் இங்கிலீஷும் இருக்குற புக் அவங்ககிட்ட இருக்கு, அம்மான் மகளுக்கு தமிழ் வாசிக்க வரலன்னாலும் ரெண்டு பேரும் ஒரே புக்க வச்சிக்கிட்டு உக்காரலாம். காசு செலவழிக்காம பாக்கணும்னா பெங்களூரு பிரதம் புக்ஸ் பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர்ங்கிற வெப்சைட் இருக்கு, 2015ல ஆரம்பிச்சது, போன்லயே தமிழ்ல இலவசமா படிக்கலாம், டவுன்லோட் பண்ணி பிரிண்டும் எடுத்துக்கலாம், ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்னு அந்தந்த நாட்டுக்காரங்களே எழுதுன கதைங்களும் அதுல கெடைக்கும். படத்துல எல்லாருக்கும் கண்ணுன்னு ஒரே ஒரு கோட்ட இழுத்து விட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. முகத்துக்கு முகம் வித்தியாசமா வரைஞ்சவங்கதான் அந்த மனுசங்கள நேர்ல பாத்திருப்பாங்க.

ருடைன் சிம்ஸ் பிஷப்னு அமெரிக்காவுல ஒரு பேராசிரியர், 1990ல ஒரு கட்டுரை எழுதுனாங்க, கொழந்தைக்கு புத்தகம்ங்கிறது கண்ணாடியாவும் இருக்கணும் சன்னலாவும் இருக்கணும்னு. கண்ணாடின்னா தன் முகம் தெரியணும், சன்னல்னா அடுத்தவங்க வாழ்க்கை தெரியணும். உங்க மகளுக்கு சன்னல் தேடுறீங்க, சரி. தம்பி மகள யோசிச்சீங்களா? அப்பா தமிழு, அம்மா சீனம், அந்தப் புள்ள முகம் எந்தப் புக்குல இருக்கு? வர்ற அன்னைக்கு ரெண்டு நாட்டு அம்மா அப்பா இருக்குற கதை ஒன்னு வீட்டுல கெடந்தா அது தானா எடுத்துப் பாக்கும், நீங்க ஒன்னும் சொல்ல வேணாம். "சீனாவப் பத்தி சொல்லு"ன்னு மட்டும் கேட்டுறாதீங்க, அது மலேசியாக்காரப் புள்ள.

மாமியார் சொல்றதையும் தள்ளிவிட வேணாம். நம்ம ராயவரத்துல பொறந்த அழ. வள்ளியப்பா பாட்டு ஒரு பக்கம் ஓடட்டும், அத அவுககிட்டயே சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க. கூடவே வீட்டச் சுத்திக் காட்டச் சொல்லுங்க, முகப்புல நிக்கிற தூணு பர்மா தேக்கு, எத்தன வீட்டுல இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் கெடக்கு, ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் போன ஐயாமாரு கதை எல்லா வீட்டுலயும் ஒன்னு இருக்கும். நம்ம வழக்கத்தச் சொல்ல ஆரம்பிச்சாலே ஊரு உலகம் உள்ள வந்துரும்.

இன்னொன்னு பாருங்க, உங்கம்மா உங்க மகளுக்கு ஆயா, தம்பி மகளுக்கு அப்பத்தா. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் கிராண்ட்மாதான். சீனத்துல நம்மள மாதிரியே தனித்தனி, மாண்டரின்ல அப்பாவப் பெத்தவங்க நைநை, அம்மாவப் பெத்தவங்க வாய்போ. தம்பி மக அவங்கள எப்படிக் கூப்புடுறான்னு உங்க மகளையே கேக்கச் சொல்லுங்க, கண்ணப் பத்திக் கேட்ட அதே வாய் இதையும் கேக்கட்டும். சாந்தியில மொய்க் கவர் வரும்ல, நாம 101, 501னு ஒத்தப்படையில வைப்போம், அவங்க செவப்புக் கவர்ல ரெட்டப்படையா வைப்பாங்க, 4 மட்டும் ஆகாது, ஏன்னா சொல்றப்ப சாவுங்கிற சொல்லு மாதிரி கேக்கும். ரெண்டு புள்ளையையும் உக்கார வச்சு பழைய காலண்டர் தாள்ல கவர் ஒட்டி, படம் வரைஞ்சு, ஆளுக்கு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, அதுவே ஒரு படப் புத்தகம் ஆயிரும்.

அப்புறம் நம்ம கவுனி அரிசி இருக்கே, அதே கருப்பு அரிசிய மலேசியாவுல கஞ்சியாக் காய்ச்சி தேங்காப்பால் ஊத்தி புபுர் புலுட் ஹித்தாம்னு சாப்புடுறாங்க. அவங்க வந்த மறுநாள் காலையில செஞ்சு வைங்க, அந்தப் புள்ளைக்கு பாத்த ஒடனே தெரியும். அரிசிய முந்தின நாள் ராத்திரியே ஊறப் போட்ருங்க, இல்லன்னா வேக ரொம்ப நேரம் ஆகும்.