பேரன் கையில் ஒரு படிவம்

கேள்வி: டீச்சர், என் மகள் வயிற்றுப் பேரன் கிரேடு 9 படிக்கிறான். அடுத்த வருடத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பள்ளியில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். கணிதத்தில் 47 வாங்கியிருக்கிறான். மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் சுலபமாக 80 வரும் என்கிறார்கள். மருமகனுக்கு அவனை அக்கவுண்டன்ட் ஆக்கவேண்டும். பையனோ பின்கட்டில் பழைய ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, இதுதான் என் வேலை என்கிறான். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் உழைத்த துணித் தொழிற்சாலை மூடிப்போனதைப் பார்த்தவள் நான். பயமாக இருக்கிறது. அவர்களுக்கு என்ன சொல்வது?
– ஒரு பாட்டி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, முதலில் ஒன்று. அந்தப் படிவத்தில் மேத்ஸ் லிட்டரசிக்கு நேராக யாரும் டிக் போடவேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் மருமகன் 2008-க்கு முன்னால் மெட்ரிக், அதாவது கிரேடு 12 பள்ளியிறுதித் தேர்வு, எழுதியவராக இருந்தால், அவர் காலத்தில் ஹையர் கிரேடு, ஸ்டாண்டர்ட் கிரேடு என்று இரண்டு இருந்தன. ஸ்டாண்டர்ட் கிரேடு என்பது அதே கணிதம்தான், கொஞ்சம் இலேசானது. அந்த நினைப்பிலேயே பல பெற்றோர் மேத்ஸ் லிட்டையும் பார்க்கிறார்கள். இது வேறு பாடம் அம்மா. வீட்டு பட்ஜெட், வரி அட்டவணை, கடன் வட்டி, வரைபடம் படிப்பது என்று போகும். வாழ்க்கைக்கு உதவுகிற பாடம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். சட்டம், இதழியல் மாதிரிப் படிப்புகளுக்குப் பல இடங்களில் அதுவே போதும். ஆனால் அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும் அதில் கிடையாது. அவை இல்லாமல் இன்ஜினியரிங், பெரும்பாலான அறிவியல் படிப்புகள், சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் ஆவதற்கான பட்டப்படிப்பு எதற்குள்ளும் போகமுடியாது. 80 வாங்கினால் மொத்தப் புள்ளி கூடும், உண்மைதான். இந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கும்போது, எத்தனை என்று பார்ப்பதற்கு முன்னால் எந்தக் கணிதம் என்று பார்ப்பார்கள்.

இதில் உங்கள் வீட்டுச் சண்டைக்கே ஒரு விடை இருக்கிறது. மருமகன் சொல்கிற வழிக்கும் கணிதம் வேண்டும், பேரன் சொல்கிற வழிக்கும் கணிதம் வேண்டும். ஃப்ரிட்ஜ், ஏர்கண்டிஷன் மெக்கானிக்காக அப்ரெண்டிஸ் எடுக்கிற கம்பெனிகள் பெரும்பாலும் கணிதமும் ஃபிசிக்கல் சயின்ஸும்தான் கேட்கின்றன. அழுத்தம், வெப்பம், மின்சாரம் எல்லாம் கணக்கில்தான் நிற்கிறது. அதனால் இப்போதைக்கு அப்பா பக்கமா, மகன் பக்கமா என்று நீங்கள் தவிக்கவேண்டியதில்லை. கிரேடு 10-இல் கணிதம் எடுத்தவன் முடியாமல் போனால் லிட்டரசிக்கு இறங்கிக்கொள்ளலாம். லிட்டரசி எடுத்தவன் கணிதத்துக்கு ஏறுவது மிகக் கஷ்டம். அதற்குள் வகுப்பு ரொம்பத் தூரம் போயிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண். கணிதம் வந்தாலே அழுவாள். பாவமாக இருந்தது, லிட்டரசிக்கு மாற்றிக்கொடுத்தேன். வீட்டில் எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். மெட்ரிக்கில் நல்ல மார்க். அப்புறம்தான் அவள் ஃபிசியோதெரபி படிக்கவேண்டும் என்று வந்து நின்றாள். அந்தக் கதவைப் பதினைந்து வயதில் நானே அடைத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லும்படி ஆனது. இன்னும் அது என் மனதில் கிடக்கிறது.

சரி, 47-ஐ என்ன செய்வது? பேரனின் பரீட்சைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். எங்கே மார்க் போயிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த வரையில் கிரேடு 9-இல் தடுமாறுகிற பிள்ளைகள் பலர் கிரேடு 9 பாடத்தில் தடுமாறுவதில்லை. பின்னம், கழித்தல் குறி, அடுக்கு என்று கிரேடு 7, 8-இல் விட்ட இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதை நாளுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்தால் டிசம்பர் விடுமுறைக்குள் சரிசெய்யலாம். உங்களுக்குக் கணக்குத் தெரியாது என்று தயங்கவேண்டாம். பள்ளி விட்டு வந்ததும் அவன் அன்றைய கணக்கை உங்களுக்கு வாய்விட்டு விளக்கட்டும். நீங்கள் காய் நறுக்கிக்கொண்டே கேளுங்கள். எங்கே திக்குகிறானோ அங்கேதான் ஓட்டை இருக்கிறது, அது அவனுக்கே தெரிந்துவிடும்.

மீதிப் பாடங்களுக்கு வருகிறேன். மொத்தம் ஏழு. இரண்டு மொழி, ஒரு கணிதம், லைஃப் ஓரியண்டேஷன் என்கிற வாழ்க்கை நெறிப் பாடம் போக மூன்றுதான் அவன் கையில். ஃபிசிக்கல் சயின்ஸ் கட்டாயம் எழுதுங்கள். அக்கவுண்டிங் பாடம் எடுக்காவிட்டால் அக்கவுண்டன்ட் ஆகமுடியாது என்று மருமகன் நினைத்திருக்கலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, கணிதத்தைத்தான் கேட்கின்றன. ஆனாலும் எடுத்துப் பார்க்கட்டும், பிடிக்கிறதா என்று தெரியும். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்கிற பொறியியல் வரைபடப் பாடம் பள்ளியில் இருந்தால் மூன்றாவதாக அது. படிவத்தில் டெக்னிக்கல் மேத்ஸ் என்று ஒன்று இருந்தால் நிதானியுங்கள். எல்லாப் பல்கலைக்கழகப் படிப்பும் அதை ஏற்காது, கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இனி, நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். இந்தப் பையன் ஃப்ரிட்ஜைப் பார்த்திருக்கிறான், ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் ஒரு நாளைப் பார்த்ததில்லை. மருமகனும் அக்கவுண்டன்டின் காரைப் பார்த்திருப்பார், மாதக் கடைசியில் அவர் உட்கார்ந்திருக்கிற நேரத்தைப் பார்த்திருக்கமாட்டார். பார்க்காத வேலைக்காக வீட்டில் இருவரும் சண்டை போடுகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை கோயிலில் நம் ஆட்கள் எல்லாரும் கூடுகிறோம். பிராஸ்பெக்டன் டொயோட்டாவில் வேலை செய்பவர், துறைமுகத்தில் வெல்டர், நர்ஸ், கணக்காளர் எல்லாரும் ஒரே வரிசையில்தான் பிரசாதம் வாங்குகிறார்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள், என் பேரன் ஒரு நாள் உங்கள் கூட வந்து நின்று பார்க்கலாமா என்று. பதினைந்து வயது ஆகும்வரை சட்டப்படி வேலைக்கு வைக்கக்கூடாது. நின்று பார்க்கலாம். கோடையில் மொட்டைமாடி ஏசிக்கு அடியில் வியர்த்து நின்றுவிட்டும் இதுதான் வேண்டும் என்று வந்தானானால், அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. போகும்போது அவன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: வியாபாரம் படுத்தபோது என்ன செய்தீர்கள்? உங்கள் வீட்டுக்காரர் தொழிற்சாலை மூடியபோது பட்டதையும் அவனுக்குச் சொல்லுங்கள். இந்த நாட்டில் 24 வயதுக்குள் வேலை தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலை கிடைப்பதில்லை. ஒரு முதலாளியை மட்டும் நம்பாமல் எங்கே போனாலும் எடுத்துப்போகக்கூடிய கைத்திறன் அதனால்தான் பெரிது.

தொழில் படிப்பு என்றால் தோற்றவர்கள் போவது என்ற எண்ணம் நம்மிடம் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஒப்பந்தக் கூலியாக இந்த மண்ணுக்கு வந்த எம்.எல். சுல்தான் தன் பணத்தைக் கொடுத்தது தொழிற்கல்விக்கு. அவர் பெயரில் நடந்த டெக்னிக்கான், அதாவது தொழில்நுட்பக் கல்லூரி, 2002-இல் நட்டால் டெக்னிக்கானோடு சேர்ந்துதான் இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானது. உங்கள் தலைமுறையில் எத்தனை பேர் மாலை வகுப்புக்கு அங்கே போயிருப்பார்கள்! அப்ரெண்டிஸாக மூன்று நான்கு வருடம் இருந்து ட்ரேட் டெஸ்ட் என்கிற தொழில் தேர்வில் தேறினால் ரெட் சீல் சான்றிதழ். அது கையில் இருப்பவன் பிறகு சொந்தமாகவும் நிற்கலாம். டர்பன் பக்கத்திலேயே தெக்வினி, கோஸ்டல், எலாங்கெனி என்று அரசு டிவெட் கல்லூரிகள், அதாவது தொழிற்கல்விக் கல்லூரிகள், இருக்கின்றன. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு மாதிரியே அங்கும் என்எஸ்ஃபாஸ் என்கிற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். லேர்னர்ஷிப் (வேலை செய்துகொண்டே படிக்கிற பயிற்சி) வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். லேர்னர்ஷிப்பில் உதவித்தொகை பிள்ளைக்குத்தான் வரவேண்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பதினாறு ஆனதும் அடையாள அட்டைக்குக் கூட்டிப்போங்கள், முதல் தடவை இலவசம். எந்த விண்ணப்பத்துக்கும் அது வேண்டும். அப்புறம், நம் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்கு மெட்ரிக் வருடத்தில் விண்ணப்பிக்கும்போது கையில் இருப்பது கிரேடு 11 மார்க்தான். கிரேடு 11-ஐ விளையாட்டாக விட்டுவிட்டு மெட்ரிக்கில் பிடித்துக்கொள்ளலாம் என்று அவன் நினைக்கக்கூடாது.

மருமகனிடம் பேசும்போது பையன் இல்லாத நேரமாகப் பாருங்கள். அவனுக்காக வாதாடாதீர்கள். கணிதம் எடுத்தால் உங்கள் ஆசைக்கும் வழி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், கேட்பார். பள்ளியில் 47-க்குக் கணிதம் தரமாட்டோம் என்றால், கிரேடு 10 முதல் டேர்ம் முடியும்வரை வாய்ப்புக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். அந்தக் கடிதத்தை எழுதுவது கஷ்டமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள் அம்மா, நான் எழுதித் தருகிறேன்.