குழந்தையை வளர்க்குற ஆயாவால ஒரு தலைவரோட சின்ன வயசு எந்த அளவுக்கு மாறும்?

நிறையவே மாறும். இதுல எனக்கு சொந்த அக்கறையும் இருக்கு, எங்கம்மா ஒரு வீட்டுல 11 வருஷம் புள்ள பாத்துக்குற வேலை செஞ்சவங்க. ஆனா நான் இங்க சொல்லப்போறது வின்ஸ்டன் சர்ச்சிலை வளர்த்த எலிசபெத் எவரெஸ்ட் அம்மாவைப் பத்தி.

சர்ச்சில் 1874 நவம்பர் 30 பொறந்தார், அடுத்த வருஷ ஆரம்பத்துலயே இவங்க வேலைக்கு வந்துட்டாங்க. கல்யாணம் ஆகாதவங்க, ஆனா அந்த காலத்து வழக்கப்படி மிசஸ் எவரெஸ்ட்னுதான் கூப்பிடுவாங்க. அப்பா ராண்டால்ஃப் பிரபு அரசியல்லயே கெடப்பார், அம்மா ஜென்னி விருந்து, பார்ட்டின்னு இருப்பாங்க. அம்மா மேல தனக்கு ரொம்ப ஆசை, ஆனா அவங்க தூரத்துல தெரியுற நட்சத்திரம் மாதிரின்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். பக்கத்துல இருந்தது இந்தம்மாதான். குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறது, ராத்திரி தூங்க வைக்குறது எல்லாமே இவங்க, அவர் இவங்களை "வூம்"னு செல்லமா கூப்பிடுவார்.

எட்டு வயசு முடியுறதுக்குள்ள ஆஸ்காட்ல ஒரு போர்டிங் ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டாங்க, அங்க ஹெட்மாஸ்டர் பசங்கள பிரம்பால ரத்தம் வர அடிப்பாராம். லீவுக்கு வந்தப்போ உடம்புல தழும்பைப் பாத்து அவங்கம்மாகிட்ட போய் சொன்னது இந்தம்மாதான்னு சொல்லுவாங்க. 1884ல பிரைட்டன்ல வேற ஸ்கூலுக்கு மாத்திட்டாங்க. அந்த பிரைட்டனுக்கு அப்பா ஒரு தடவை வந்துட்டு பையனை பாக்காமலே போயிட்டார், அதைக் கேட்டு பையன் எழுதின லெட்டர் இன்னைக்கும் இருக்கு, படிச்சா மனசு கஷ்டமா இருக்கும்.

என்னை ரொம்ப உலுக்குன விஷயம் 1886 மார்ச்ல நடந்தது. பதினோரு வயசு, நிமோனியா, பொழைப்பானான்னே தெரியாத நெலமை. டாக்டர் அவங்கம்மாவுக்கு ஒரு குறிப்பு எழுதுறார், இன்னைக்கு எவரெஸ்ட்டை ரூமுக்குள்ள விடாதீங்க, அவங்களைப் பாத்தா வர்ற சந்தோஷத்துல வர்ற படபடப்பே பையனுக்கு ஆகாதுன்னு. பெத்தவங்களைப் பத்தி அந்த மாதிரி எச்சரிக்கை எதுவும் அதுல இல்லை, ஆயாவைப் பத்தி மட்டும்தான், ஒரு குழந்தைக்கு யாரு முக்கியம்னு அந்த டாக்டருக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க.

அப்புறம் ஹாரோ ஸ்கூல். அங்க பெரிய வீட்டுப் பசங்க முன்னாடி ஆயாவை கூட்டிட்டு வந்து காட்டவே கூச்சப்படுவாங்க, இவர் வரச்சொல்லி கையைக் கோத்துக்கிட்டு தெருவுல நடந்து போய் முத்தமும் குடுத்து அனுப்பினார். அந்தம்மா எழுதுற லெட்டர் எல்லாம் அப்படியே நம்ம வீட்டு கிழவிங்க பேச்சு, சளி பிடிச்சுக்கப் போகுது, ஈரத்தோட இருக்காத, ரயில் கெளம்பின அப்புறம் ஓடிப்போய் ஏறாதப்பான்னு.

1893ல, பசங்க வளந்தாச்சு இனிமே தேவையில்லன்னு அந்தம்மாவை நிறுத்திட்டாங்க. கிட்டத்தட்ட 19 வருஷ உழைப்பு. சர்ச்சிலுக்கு அப்போ வயசு 18, சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில இருந்தார், இது கொடுமைன்னு அம்மாவுக்கு சண்டை போட்டு லெட்டர் எழுதினார், ஒண்ணும் நடக்கல, தன் கையில இருந்த காசுல அப்பப்போ அனுப்பினார். எங்கம்மாவையும் இப்படித்தான் அந்த வீட்டுப் பையன் ஹாஸ்டலுக்கு போன மறுநாள் "நாளைலேர்ந்து வரவேணாம்"னு சொன்னாங்க, அந்த சாயங்காலம் அம்மா அவனோட பழைய டிபன் பாக்ஸைக் கேட்டு வாங்கிட்டு வந்தாங்க, இன்னும் வீட்டுல இருக்கு.

1895 ஜூலையில எவரெஸ்ட் அம்மாவுக்கு பெரிடோனைட்டிஸ், அதாவது வயித்து உள்சவ்வுல வர்ற அழற்சி, வந்து சாகக் கெடக்குறாங்க, வடக்கு லண்டன்ல அக்கா தங்கச்சி வீட்டுல. ஆல்டர்ஷாட் ராணுவ முகாம்லேர்ந்து சர்ச்சில் ஓடி வர்றார், மழையில கோட்டு நனைஞ்சிருக்கு. கையால தொட்டுப் பாத்துட்டு அந்தம்மா பதறிட்டாங்களாம், இவனுக்கு சளி பிடிச்சுக்குமேன்னு, கோட்டைக் கழட்டி நல்லா காய வெச்ச பிறகுதான் அமைதியானாங்க. இதை நான் அம்மாகிட்ட சொன்னப்போ அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ஏன்டா, குடை எடுத்துட்டு வர மாட்டானா அந்தப் புள்ள?"

ஜூலை 3 எறந்துட்டாங்க. அவரும் தம்பி ஜாக்கும் சேந்து கல்லறைக்கு கல்லு வெச்சாங்க, அதைப் பராமரிக்க அவர் வருஷா வருஷம் பணம் கட்டினார்.

இப்ப நம்ம கோவம். 1943 வங்காளப் பஞ்சத்துல லட்சக்கணக்கான பேர் செத்தப்போ அதே ஆள்தான் பிரதமர், காந்தியை அரை நிர்வாணப் பக்கிரின்னு சொன்னதும் அவர்தான். ஒரு ஆயா குடுத்த பாசம் அவரை எல்லார்கிட்டயும் கருணையா மாத்திடுச்சுன்னு நான் சொல்லவே மாட்டேன், அது அவ்ளோ தூரம் போகல, நம்ம ஜனங்க வரைக்கும் வரல. அதுக்கு அந்தம்மாவை குத்தம் சொல்லவும் முடியாது.

ஆனா ஒண்ணு போய் சேந்துச்சு. 1930ல வந்த தன் இளமைக்கால சுயசரிதையில எவரெஸ்ட் அம்மாவோட சாவை எழுதுற இடத்துலயே அவர் சொல்றார், கடைசி காலத்துல பாத்துக்க ஆள் இல்லாத ஏழைக் கிழவிங்களை நெனைக்குறப்போ பென்ஷன், இன்சூரன்ஸ் திட்டங்கள்ல எனக்கும் ஒரு பங்கு இருந்துச்சுன்னு சந்தோஷமா இருக்குன்னு. 1908ல முதியோர் பென்ஷன் சட்டம் வந்தப்போ அவர் மந்திரி சபையில இருந்தார், 1925ல நிதியமைச்சரா இருக்குறப்போ விதவைகளுக்கும் பென்ஷன் குடுத்தாங்க. அந்த 1908 சட்டத்தோட மொத பென்ஷன் 70 வயசு தாண்டின ஏழைங்களுக்கு வாரம் 5 ஷில்லிங், 1909 ஜனவரி 1 அன்னைக்கு போஸ்ட் ஆபீஸ்ல குடுக்க ஆரம்பிச்சாங்க. எவரெஸ்ட் அம்மா உயிரோட இருந்திருந்தா அப்போ 75 தாண்டியிருக்கும், அன்னைக்கே அந்த வரிசையில போய் நின்னிருக்கலாம்.