‘சரி சார்’ என்றால் புரிந்தது என்று அர்த்தமா?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். எதைச் சொன்னாலும் லைனில் இருப்பவர்கள் ‘சரி சார்’ என்று தலையாட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. எத்தனை தடவைதான் சொல்வது?

நீங்கள் சொன்னது போதும், ஒரு தடவை அவரைச் சொல்ல வையுங்கள். நம்மூர் ‘சரி சார்’ பெரும்பாலும் ‘காதில் விழுந்தது’ என்றுதான் பொருள்படும். சில நேரம் ‘விடுங்க சார், டீ ஆறுது’ என்றும்.

1977-இல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கிளம்பத் தயாராக நின்ற விமானிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த பதில் ‘ஓகே’ என்றுதான் தொடங்கியது. ‘காத்திருங்கள்’ என்ற மிச்சம் ரேடியோ கீச்சொலியில் அமுங்கிப்போனது. அதற்குப் பிறகு, உத்தரவை வாங்குகிறவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதில் விமானத் துறை ரொம்பக் கறாராகிவிட்டது.

‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு யாரும் ‘இல்லை’ சொல்ல மாட்டார்கள். ‘முதல்ல எந்த டையை (மெஷின் அச்சை) மாட்டப் போறீங்க?’ என்று கேளுங்கள். வயதில் மூத்தவராக இருந்தால், ‘நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், ஒரு தடவை சொல்லுங்கண்ணா.’ பழியை உங்கள் பக்கம் போட்டுக்கொண்டால் அவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

லைனில் பாதிப் பேர் பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். எனக்கு ஓட்டை இந்திதான். சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் ‘கல்’ என்ற சொல்லிடம் ஜாக்கிரதை. இந்தியில் நேற்றும் ‘கல்’, நாளையும் ‘கல்’. எது என்பதை வினைச்சொல் காட்டும். ஓட்டை இந்தியில் நாம் முதலில் கோட்டை விடுவது அந்த வினைச்சொல்லைத்தான். ‘நாளைக்கு மெஷின் கிளீனிங்’ என்று சொல்வதாக நினைத்து நானே ஒருமுறை உளறியிருக்கிறேன். ‘ஹோ கயா சார்’, அதாவது ‘முடிஞ்சிடுச்சு சார்’ என்று சந்தோஷமாகப் பதில் வந்தது. அன்றிலிருந்து கிழமைப் பெயர்தான். அளவுகளிலும் ஜாக்கிரதை. ‘டாயி’ என்றால் இரண்டரை, ‘பௌனே தீன்’ என்றால் இரண்டே முக்கால். அதில் ‘தீன்’ மட்டும் காதில் விழுந்தால் மூன்று ஆகிவிடும். அளவு எதுவானாலும் சாக்பீஸால் எழுதிக் காட்டுங்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலையில் சீசன் வேலை. ‘ஞாயிறு நைட் லீவு’ என்று கேட்டேன், சரி என்றார்கள். இப்போது சொல்லாமல் நின்றதாகச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். என் தவறா?

இருவர் மனதிலும் வேறு வேறு ஞாயிறு. சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்கும் ஷிஃப்ட்டை ஞாயிறு நைட் என்று எழுதுகிறவர்களும் உண்டு. பழம் வந்து குவியும் ஜூனில் யாரும் நிதானமாகக் கேட்பதில்லை. இனிமேல் ஏறும் தேதி, இறங்கும் தேதி இரண்டையும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிடித்த பணத்துக்கு, வருகைப் பதிவேட்டில் எந்தத் தேதிக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் பேசுங்கள். சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம்.

பர்கூரில் ஜவுளிக்கடை சேல்ஸ்மேன். தள்ளுபடி கேட்டால் முதலாளி ‘பார்த்துப் பண்ணுப்பா’ என்கிறார். குறைத்தாலும் திட்டு, குறைக்காவிட்டாலும் திட்டு.

‘எத்தனை ரூபா வரைக்கும்ண்ணே?’ என்று காலையில் கடை திறக்கும்போதே கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் முன்னால் கேட்டால் அவர் வாயிலிருந்து எண் வராது.