சிறுநீரில் டோபமின் பார்த்தால் மூளை தெரியுமா?

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் சில மாதங்களாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறான். "மூளையில் செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்திருக்கலாம், சிறுநீர் கொடுங்கள், அளவைச் சொல்லிவிடுகிறோம்" என்கிறது ஒரு பரிசோதனை நிலையம். கொடுக்கலாமா?

பதில்: இதற்காக என்றால் வேண்டாம். அவர்கள் தரும் எண் துல்லியமாகவே இருக்கலாம். ஆனால் அது மூளையின் எண் அல்ல. சிறுநீரில் வரும் டோபமினில் பெரும்பகுதி சிறுநீரகமே தயாரித்தது. மூளையிலுள்ள டோபமின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டி அப்படியே வெளியே வருவதில்லை. மூளையின் இன்னொரு செய்தி கடத்தியான செரோடோனினும் இந்தக் கதைதான். உடலில் உள்ளதில் சுமார் 90 சதவீதம் குடலில் இருக்கிறது.

மூளைக்குள் டோபமினை அளக்க வேதியியலாளர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஆடம்ஸ் என்ற பேராசிரியரின் குழு, 1973இல் எலியின் மூளைக்குள் கார்பன் மின்முனையை இறக்கி, டோபமின் அதில் எலக்ட்ரானை விடும்போது வரும் மின்னோட்டத்தை அளக்கப் பார்த்தது. சிக்னல் வந்தது. சிக்கல் என்னவென்றால், டோபமின் எலக்ட்ரானை விடும் மின்னழுத்தத்துக்குப் பக்கத்திலேயே வைட்டமின் சியும் விடுகிறது. மூளைத் திரவத்தில் அது டோபமினைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பது மாதிரி.

இதை அவிழ்த்ததில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மார்க் வைட்மேன் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. மின்முனை என்பது சுமார் 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஒற்றைக் கார்பன் இழை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அதை மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சி இழுத்து, குழாயைச் சூடாக்கி நீட்டி மூடி, வெளியே நீளும் இழையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து நறுக்குவார்கள். தும்மினால் போச்சு.

அந்த இழையில் மின்னழுத்தத்தை −0.4 வோல்ட்டிலிருந்து 1.3 வரை ஏற்றி இறக்குகிறார்கள். ஒரு சுற்றுக்கு 8.5 மில்லி விநாடி. விநாடிக்கு 10 சுற்று. டோபமின் 0.6 வோல்ட் வாக்கில் எலக்ட்ரான்களை விட்டு, திரும்பும் வழியில் −0.2 வாக்கில் வாங்கிக்கொள்ளும். வைட்டமின் சி விட்டது விட்டதுதான், திரும்ப வாங்காது. மின்னோட்டம் இப்படி ஏறி இறங்கும் வடிவத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

இத்தனை செய்தும் தெரிவது ஏற்ற இறக்கம் மட்டுமே; "மொத்தம் இவ்வளவு" என்று சொல்ல முடியாது. அதற்கு வேறு வழி: நுண்ணிய சவ்வுக் குழாயை மூளைக்குள் வைத்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் திரவத்தை ஓட்டி, கசிந்து வருவதைக் குரோமட்டோகிராபியில் பிரித்துப் பார்ப்பது. இரண்டுக்குமே மூளைக்குள் எதையாவது செருகியாக வேண்டும். மனிதர்களிடம் மின்முனையில் அளந்ததெல்லாம் பார்க்கின்சன் போன்ற நோய்களுக்கான அறுவைக்காக மண்டையோடு ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தபோதுதான்.

சரி, அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையே வீண் என்று சொல்லவில்லை. அட்ரினல் சுரப்பியில் ஒருவகைக் கட்டி இருக்கிறதா என்ற சந்தேகத்தில், இதே வகைப் பொருள்களை மருத்துவர்கள் அளக்கச் சொல்வதுண்டு. உங்கள் மகனுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

பணத்தை வைத்துக்கொண்டு முதலில் குடும்ப மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ரத்தசோகை, தைராய்டு, தூக்கம் மூன்றையும் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மனச்சோர்வைக் கண்டறிய அவருக்கு டோபமின் எண் தேவையில்லை. பையனோடு அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும், அந்த நேரம் நீங்கள் வெளியே உட்காருங்கள். அவன் வர மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு நீங்களே போன் செய்து பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரை விட்டுவிடலாம் என்பது போல ஏதாவது அவன் சொல்லியிருந்தால், தள்ளிப்போடாமல் இதையெல்லாம் இன்றைக்கே செய்யுங்கள்.