பழைய ரெக்கார்ட் பிளேயரைப் பெட்டியிலிருந்து கழற்றுவது எப்படி? கேள்வி பதில்

ஐம்பது, அறுபது வருடப் பழசான டர்ன்டேபிள்கள் (ரெக்கார்ட் பிளேயர்கள்) ஓடி ஓடிக் கெட்டதைவிட, சரிசெய்யப் போய்க் கழற்றும்போது கெட்டதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. முள் போவது, முள்ளைத் தாங்கும் கையான ஆர்ம் வளைவது, தலைமுடி போன்ற ஒயர் அறுந்து போவது எல்லாம் பெட்டியை விட்டு வெளியே எடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். அதனால் எடுப்பது பற்றிய கேள்விகளுக்கே இங்கே அதிக இடம்.

கேள்வி: சார், முதல்முறையாகக் கழற்றப் போகிறேன். எதிலிருந்து தொடங்குவது?

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் பல பழைய பிளேயர்களில் சுவிட்ச் ஒரு ஒயரை மட்டுமே துண்டிக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரையும் எர்த் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது முள். மூடி இருந்தால் போடுங்கள். முள்ளை மட்டும் தனியாக உருவ முடிந்தால் உருவி, ஒரு டப்பாவில் பத்திரமாக வையுங்கள். தலைப்பகுதி தனியாக வரும் ஆர்ம் என்றால் இன்னும் நல்லது, கார்ட்ரிட்ஜோடு (முள் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி) சேர்த்தே கழற்றலாம். பிறகு ஆர்மின் பின்பக்க எடையை எடுத்துவிட்டு, ஆர்மை அதன் தாங்கியில் வைத்துக் கட்டுங்கள். தாங்கியின் கிளிப்பை நம்பாதீர்கள், பழைய பிளாஸ்டிக் கிளிப் கவிழ்த்ததும் திறந்துகொள்ளும்.

மேலே உள்ள ரப்பர் விரிப்பை எடுத்த பிறகு சுழல்தட்டு. தட்டு போன பிறகுதான் பெட்டியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். தட்டோடு சேர்த்துத் தூக்கலாம் என்று நினைக்க வேண்டாம். தட்டுதான் கனமான பாகம். சாய்த்தால் முதலில் விழுவதும் அதுதான்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுங்கள். ஒயர் எந்தப் பக்கமாகப் போகிறது, ஸ்ப்ரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம் நினைவில் நிற்காது.

கேள்வி: சுழல்தட்டு வரவே மாட்டேன் என்கிறது. இழுத்தும் பார்த்துவிட்டேன்.

இழுப்பதை நிறுத்துங்கள். தட்டு எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும்.

பி.எஸ்.ஆர். கம்பெனியின் சேஞ்சர்களிலும் (இசைத்தட்டைத் தானே மாற்றும் பிளேயர்கள்) காரார்ட் கம்பெனியின் பல மாடல்களிலும் நடு அச்சைச் சுற்றி வாய் திறந்த வளையம் போல ஒரு கிளிப் இருக்கும். விரிப்புக்கு அடியில், சில சமயம் அலங்கார மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வரும், ஆனால் தெறித்து ஓடும். நெம்பும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். கிளிப்புக்குக் கீழே வாஷர்கள் இருந்தால் வரிசை மாறாமல் எடுத்து வையுங்கள்.

கிளிப் எதுவும் இல்லை என்றால் தட்டு கூம்பு வடிவ அச்சில் இறுகி உட்கார்ந்திருக்கலாம். தட்டின் இரு பக்கமும் அடியில் விரல்களைக் கொடுத்து லேசாக மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அச்சின் தலையில் ஒரு மரத்துண்டை வைத்து இன்னொருவரை மெல்லத் தட்டச் சொல்லுங்கள். 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் அச்சின் நுனி விரிந்து, பிறகு இசைத்தட்டே உள்ளே இறங்காது.

மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுற்றும் வகைகளில் பெரும்பாலும் தட்டு இரண்டு பகுதி. வெளித்தட்டு எளிதாக வந்துவிடும். உள்தட்டு எண்ணெய் நிறைந்த குழலுக்குள் உட்கார்ந்திருக்கும், உள்ளே காற்று புக இடம் இல்லாததால் பிடித்து உறிஞ்சும். நேராக, பொறுமையாக இழுத்தால் வரும். திரும்பப் போடும்போதும் அப்படியே, தானாக மெல்ல இறங்கட்டும். அழுத்தினால் எண்ணெய் பொங்கி வெளியே வரும்.

கேள்வி: என்னிடம் டூயல் 1019 இருக்கிறது. பெட்டியிலிருந்து தூக்க முடியவில்லை, ஏதோ பிடித்துக்கொள்கிறது.

மேலே தெரியும் இரண்டு பெரிய ஸ்க்ரூக்கள்தான் காரணம். அவை வெறும் ஸ்க்ரூ இல்லை, பயணத்தின்போது ஸ்ப்ரிங் ஆடாமல் இறுக்குவதற்கான பூட்டு. இந்த வகை டூயல்களில் வலப்பக்கம் திருப்பினால் ஸ்க்ரூ கீழே இறங்கி, டெக் (தட்டு, ஆர்ம், மோட்டார் எல்லாம் மாட்டியிருக்கும் மேல்பாகம்) ஸ்ப்ரிங்கில் மிதக்கும் நிலைக்கு வரும். இடப்பக்கம் திருப்பி மேலே தூக்கி இறுக்கினால் டெக் பூட்டிக்கொள்ளும். நாம் பழகிய வழக்கத்துக்கு நேர்மாறு என்பதால் பலர் இங்கே குழம்புகிறார்கள்.

வெளியே எடுக்க இரண்டும் தளர்ந்திருக்க வேண்டும். ஸ்க்ரூவின் அடியில் ஒரு நாக்கு பெட்டியின் விளிம்புக்குக் கீழே மாட்டியிருக்கும். ஸ்க்ரூவைச் சரித்து அந்த நாக்கை ஓட்டை வழியே விடுவித்தால் டெக் எழும்பும். முழுதாகத் தூக்கிவிடாதீர்கள். ஒரு பக்கத்தை நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, ஒயர்கள் எவ்வளவு நீளம் வருகின்றன என்று பாருங்கள். ஒயர் குட்டையாக இருந்தால் முதலில் அதைத்தான் கழற்ற வேண்டும்.

கேள்வி: வெளியே எடுத்த டெக்கை எதன் மேல் வைப்பது? கவிழ்த்தால் நடு அச்சு இடிக்கிறது.

இரண்டு தடித்த மரக்கட்டைகளை இடமும் வலமுமாக வைத்து, அவற்றின் மேல் டெக்கின் ஓரங்கள் மட்டும் உட்காரும்படி கவிழ்த்து வையுங்கள். அச்சும் ஆர்மும் நடுவில் காற்றில் தொங்க வேண்டும். அடிக்கடி இந்த வேலை செய்வதாக இருந்தால், நான்கு கால் வைத்து ஒரு மரச்சட்டம் அடித்துக்கொள்ளுங்கள். கவிழ்க்காமலே அடியில் வேலை செய்யலாம், மோட்டாரை ஓட்டியும் பார்க்கலாம்.

கவிழ்ப்பதற்கு முன் இன்னொன்று. பேரிங்கின் (நடு அச்சு சுழலும் குழல்) அடியில் தனியாக ஒரு எஃகுக் குண்டு இருக்கும் மாடல்கள் உண்டு. கவிழ்த்ததும் அது உருண்டு எங்காவது போய்விடும், அல்லது உருவிய அச்சின் நுனியில் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வந்து துணியில் துடைபட்டுப் போகும். குண்டு இல்லாமல் திரும்ப மாட்டினால் அச்சு வேண்டாத இடத்தில் உரசித் தேயும்.

கேள்வி: என்னுடையது டைரக்ட் டிரைவ், டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200. இதையும் பெட்டியிலிருந்து தூக்க வேண்டுமா?

வேண்டாம். 1972-இல் தொடங்கிய அந்த வரிசையில் உடலே பெட்டி. தட்டில் உள்ள இரண்டு ஓட்டைகளில் விரல் விட்டு நேராகத் தூக்கினால் தட்டு வந்துவிடும். மற்றபடி வேலையெல்லாம் அடிப்பக்கத்தைக் கழற்றித்தான்.

இந்த வரிசையின் பல மாடல்களில் தட்டே மோட்டாரின் ஒரு பகுதி, அடியில் பெரிய காந்தம் ஒட்டியிருக்கும். மேசையில் இரும்புத் தூளோ சின்ன ஸ்க்ரூவோ கிடந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டைச் சுத்தமான துணியில் வையுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்காமல் தட்டை எடுக்கவே கூடாது.

கேள்வி: தட்டை எடுத்தால் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்புப் பிசின்தான் இருக்கிறது!

அதுதான் உங்கள் பெல்ட். பழைய ரப்பர் சில வகைகளில் இளகித் தார் ஆகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். மோட்டாரின் சின்னக் கப்பியில் ஒரு பொட்டு மிஞ்சினாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்ருதி ஆடும், அதனால் அங்கே மட்டும் இரண்டு முறை துடையுங்கள்.

பழக்கதோஷத்தில் அதே துணியால் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டைத் துடைத்துவிடாதீர்கள். அரக்கில் செய்த தட்டு ஆல்கஹாலில் கரையும்.

கேள்வி: ஐட்லர் சக்கரம் உள்ள பிளேயர். 'கட கட' என்று ஒரே சத்தம். மோட்டாரை மாற்ற வேண்டுமா அண்ணா?

மோட்டாரைத் தொடும் முன் அந்த ரப்பர் சக்கரத்தைப் பாருங்கள் தம்பி. மோட்டார் தண்டுக்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே நின்று சுற்றுவது அதுதான். வேகத்தைத் தேர்ந்தெடுத்த நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால், தண்டு அழுத்திய இடத்தில் ரப்பர் பள்ளமாகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கேட்கும். சத்தம் சீராக வருகிறதா என்று காது கொடுங்கள். சீரான தட்டல் என்றால் பள்ளம். இடைவிடாத உறுமல் என்றால் ரப்பர் இறுகிவிட்டது, அல்லது மோட்டார் தாங்கிகள் காய்ந்துவிட்டன.

சக்கரத்தைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடுத்து, உருவி, அச்சைத் துடைத்து ஒரே ஒரு சொட்டு எண்ணெய். ரப்பரின் ஓரத்தில் எண்ணெய் படவே கூடாது. பளபளவென்று மெழுகு போல் இருந்தால் மிக நைசான உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கலாம், பள்ளம் இருந்தால் மாற்றுவதுதான் வழி.

மோட்டாரில் மேலும் கீழும் உள்ள வெண்கலத் தாங்கிகள் நுண்துளை கொண்டவை, எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். தையல் இயந்திர எண்ணெய் போன்ற மெல்லியது போதும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள். அன்றைக்கு நன்றாகச் சுற்றும், உள்ளே இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும், அதன் பிறகு முன்பைவிட மோசமாகும்.

காரார்ட் 301 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதலில் வந்தவற்றின் நடு பேரிங் கிரீஸில் ஓடும், பிற்பாடு வந்தவை எண்ணெயில். கிரீஸ் பேரிங்கில் எண்ணெய் விட்டால் நிற்காது. எது என்று தெரிந்த பிறகு டப்பாவைத் திறங்கள்.

கேள்வி: ஆட்டோமேடிக் சேஞ்சர். ஆர்ம் எழுகிறது, ஆனால் தட்டுக்கு மேல் வருவதில்லை. உள்ளே ஏதாவது உடைந்திருக்குமா?

உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. பல வருடக் கிரீஸ் காய்ந்து பசையாகியிருக்கும். அடியில் உள்ள பெரிய பல்சக்கரத்தையும் நெம்புகோல்களையும் கையால் மெல்ல நகர்த்திப் பார்த்து, எது தயங்குகிறதோ அதை மட்டும் கழற்றித் துடையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.

டூயல் என்றால் அந்த நெம்புகோல் ஒன்றின் நுனியில் மிளகளவு ரப்பர் தொப்பி ஒன்று இருக்க வேண்டும். ஆர்மை உராய்வால் தள்ளிக்கொண்டு போவது அதுதான். பொடிந்து போயிருந்தால் நீங்கள் சொல்லும் அறிகுறிதான் வரும். பொருத்தமான தடிமனில் ஒரு துண்டு ரப்பர் குழாய் போட்டாலே பலருக்குச் சரியாகிவிடுகிறது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த பிளேயர். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டும் பாட்டு இழுத்து இழுத்துப் பாடுகிறது.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை (மின்சாரம் வினாடிக்கு எத்தனை சுழற்சி என்பதை) மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி மோட்டார் நம் ஊர் 50-இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 33⅓ சுற்று வேண்டிய இடத்தில் 28-க்கும் குறைவு, ஸ்ருதி ஏறக்குறைய மூன்று அரை ஸ்வரம் இறங்கும். மோட்டார் தண்டில் உள்ள கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற வேண்டும். டெக் வெளியே இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

சரிபார்க்க ஸ்ட்ரோபோஸ்கோப் அட்டை (சுழலும் தட்டின் மேல் வைக்கும் கோடு போட்ட வட்ட அட்டை) போதும். 50 ஹெர்ட்ஸில் பழைய குண்டு பல்ப் வினாடிக்கு 100 முறை மின்னும், 33⅓-க்கு 180 கோடுகள் உள்ள வட்டம் அசையாமல் நிற்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் அட்டையில் 216 கோடுகள் இருக்கும், மாற்றி வைத்துக் குழம்ப வேண்டாம். எல்.இ.டி. வெளிச்சத்தில் பல சமயம் கோடே தெரியாது.

கேள்வி: பெட்டிக்குள்ளேயே வால்வு ஆம்ப்ளிஃபயர் உள்ள சூட்கேஸ் பிளேயர். டெக்கை மட்டும் எடுக்கலாமா?

இந்த ஒன்றில் மட்டும் பயப்படச் சொல்வேன். மலிவான சூட்கேஸ் பிளேயர்கள் பலவற்றில் ஆம்ப்ளிஃபயரின் இரும்புச் சட்டம் நேரடியாக மெயின்ஸோடு இணைந்திருக்கும். சிலவற்றில் வால்வுகளுக்கான மின்சாரமே டர்ன்டேபிள் மோட்டாரின் சுருளிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும், மோட்டாரைக் கழற்றினால் ஆம்ப்ளிஃபயரும் செத்துவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் மின்சாரம் தங்கும். மீட்டரில் அளந்து பார்த்துத் தீர்ந்துவிட்டது என்று உறுதியான பிறகே கை வையுங்கள். மீட்டர் பிடிக்கத் தெரியாது என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுவிட்சின் குறுக்கே இருக்கும் பழைய மெழுகுக் கப்பாசிட்டரையும் மாற்றிவிடச் சொல்லுங்கள், எக்ஸ்2 என்று குறித்த வகை. பழசு ஒரு நாள் ஷார்ட் ஆனால் சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் நிற்காது.

கேள்வி: தாத்தா காலத்துச் சாவி கொடுக்கும் கிராமபோன். மோட்டாரை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஸ்ப்ரிங் முழுதாகத் தளர்ந்த பிறகு. பிரேக்கை விட்டுத் தட்டைத் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். சாவித் தண்டை இடப்பக்கம் திருப்பி உருவி, தட்டை எடுத்து, மேல்பலகையின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மோட்டார் பலகையோடு வரும். வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரின் உராய்வுத் திண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், பல்சக்கரங்களுக்குக் கொஞ்சம் கிரீஸ், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங் டப்பாவைத் திறக்காதீர்கள். தளர்ந்த நிலையிலும் உள்ளே மீட்டர் கணக்கில் எஃகுப் பட்டை சுருண்டு கிடக்கிறது, பாய்ந்தால் கையைக் கிழிக்கும்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன். ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, இன்னொன்றில் இரைச்சல்.

கார்ட்ரிட்ஜின் நான்கு ஒயர்களைப் பாருங்கள். வெள்ளை இடது, நீலம் இடதின் எர்த். சிவப்பு வலது, பச்சை வலதின் எர்த். ஒன்று நழுவியிருக்கும். நுனி மூக்கு இடுக்கியால் திரும்பச் சொருகுங்கள். கார்ட்ரிட்ஜில் மாட்டியபடியே சோல்டர் வைக்காதீர்கள், சூடு உள்ளே போய்ச் சுருளை அறுத்துவிடும். இரைச்சலுக்கு, முதலில் கழற்றிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரில் திரும்ப மாட்டினீர்களா?